மல்லாரி பிடிக்கும், மேளம் பிடிக்காதா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, ஆட்டிசம் உள்ளவன். கைப்பேசியில் ஒரே நாகஸ்வர மல்லாரியை (சுவாமி புறப்பாட்டில் வாசிப்பது) நாள் முழுக்கக் கேட்கிறான். அதையே வேறு வித்வான் வாசித்ததைப் போட்டால் "தப்பு, தப்பு" என்று கத்துகிறான். ஆசைப்படுகிறானே என்று கோயிலுக்கு அழைத்துப் போனால், மேளம் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். அவனுக்கு நாகஸ்வரம் பிடிக்குமா, பிடிக்காதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பிடிக்கும், சந்தேகமே வேண்டாம். அவனை விரட்டுவது மற்ற சத்தம். தவில், மணி, மின்சார முரசு, வெடி, கூட்டத்தின் பேச்சு எல்லாம் சேர்ந்து காதில் விழுகின்றன. வேண்டாததை ஒதுக்கிவிட்டுக் கேட்பது எங்களில் பலருக்குக் கைவராத வித்தை. ஆம், நானும் ஆட்டிசம் உள்ளவள், வீணை கற்றுக்கொடுக்கிறேன். கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் எனக்கு உயிர். ஆனால் அது முடியப்போகிறது என்று தெரிந்ததுமே, கைதட்டலுக்கு அஞ்சிக் காதில் விரலை வைத்துவிடுவேன்.

மல்லாரியை அவன் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. அதன் ராகமான கம்பீர நாட்டையில் ஐந்தே ஸ்வரங்கள். சாகித்யம், அதாவது பாடல் வரிகள், கிடையாது. ஒரே அமைப்பு மூன்று காலங்களிலும், அதாவது மூன்று வேகங்களிலும், வரும். அடுத்தது இதுதான் என்று காத்திருந்து, அதுவே வந்து சேரும்போது உண்டாகும் மகிழ்ச்சி லேசானதல்ல. அதோடு, உங்களுக்குத்தான் அது ஒரே மல்லாரி. ஒரு முறை சுருதிக்காக ஊதும் ஒத்து வாத்தியத்தை மட்டும் கேட்டிருப்பான், அடுத்த முறை தவிலில் குச்சியால் அடிக்கும் பக்கமான தொப்பியை. "எப்போதும் இதேதானா, மாற்று" என்கிற உறவினர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

"தப்பு" என்பதற்குச் சுருதி காரணமாக இருக்கலாம். அந்த வித்வானின் நாயனம் அரைக் கட்டை ஏறியிருந்தால் நமக்கு ஒன்றும் தெரியாது. அவனுக்கு ஒவ்வொரு ஸ்வரமும் இடம் பெயர்ந்திருக்கும். எதனோடும் ஒப்பிடாமலே ஸ்வரத்தின் உயரத்தை நினைவில் வைத்திருக்கும் திறன் ஆட்டிசம் உள்ளவர்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. 1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையில் வரும் முதல் சிறுவனே, ஒரு வயதில் பல மெட்டுகளைப் பிசகாமல் பாடியவன்தான்.

கோயிலுக்குப் போவதானால், மேளக்காரர்கள் வந்து உட்காரும்போதே போய் வாத்தியங்களைப் பார்க்கட்டும். பிறகு வெளிப் பிராகாரத்தில் நின்று கேட்கட்டும். ஓடினால் கூடவே போங்கள், இழுத்து நிறுத்தாதீர்கள். வீட்டில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒலியின் அளவு. குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம், 75 டெசிபல் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

கேள்வி: ஆட்டிசம் உள்ள குழந்தைகள் எல்லோரும் இசை மேதைகளாமே?
– வாசகர், நாமக்கல்

பதில்: இல்லை. பிரிட்டனின் டெரெக் பாராவிசினி போன்ற பியானோ கலைஞர்கள் அபூர்வம். என்னிடம் வரும் ஒரு பையன் வீணையைத் தொட்டதே இல்லை. சுருதிப் பெட்டியைப் போட்டு, அதன்மேல் காதை வைத்து முழு வகுப்பும் படுத்திருப்பான். முழுக் கட்டணம் வாங்கக் கூச்சமாக இருப்பதால் பாதிதான் வாங்குகிறேன்.