சாப்பிடாமலே காலையில் சர்க்கரை ஏறுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 48. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். படுக்கும்போது 126 இருக்கும் சர்க்கரை, காலையில் வெறும் வயிற்றில் 152 காட்டுகிறது. நடுவில் எதுவுமே சாப்பிடுவதில்லை. இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டால் சரியாகுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். இரவில் கூடிய சர்க்கரையைப் பெரும்பாலும் ரத்தத்தில் விட்டது உங்கள் கல்லீரல்.

நம் ரத்தம் முழுவதிலும் சேர்த்து ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான். மூளைக்கு மட்டுமே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 120 கிராம் வேண்டும். தூக்கத்திலும் அதன் தேவை நின்றுவிடாது. சிவப்பணுக்களின் பாடு இன்னும் இக்கட்டு. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா அவற்றில் இல்லாததால் கொழுப்பை எரிக்க வழியில்லை. குளுக்கோஸை லாக்டேட் என்ற பொருளாக உடைத்து, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு நிகரமாக 2 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு) மட்டும் பெற்றுக் காலம் தள்ளுகின்றன.

இவர்களுக்காகத்தான் கல்லீரல் இரவெல்லாம் உழைக்கிறது. பகலில் கிளைக்கோஜனாக, அதாவது குளுக்கோஸின் சேமிப்பு வடிவமாகச் சேர்த்து வைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து வெளியே விடுகிறது. கூடவே, சிவப்பணுக்கள் கழித்த அதே லாக்டேட்டையும் அமினோ அமிலங்களையும் கொண்டு புதிதாகக் குளுக்கோஸ் செய்கிறது. தசையிலும் கிளைக்கோஜன் உண்டு, கல்லீரலில் இருப்பதைவிட அதிகமாகவே. ஆனால் குளுக்கோஸோடு ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி தசையில் இல்லை. கழற்றாமல் அது செல்லைவிட்டு வெளியேற முடியாது.

கல்லீரலைப் ‘போதும்’ என்று அடக்குவது இன்சுலின். சர்க்கரை நோயில் அந்தப் பேச்சு சரியாக எடுபடுவதில்லை. விடியற்காலையில் கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்கள் வேறு கல்லீரலை முடுக்கிவிடுகின்றன. மெட்ஃபார்மின் முக்கியமாகக் கல்லீரலின் இந்த உற்பத்தியைத்தான் குறைக்கிறது. அதனால் ‘மாத்திரை கேட்கவில்லை’ என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இரவெல்லாம் பட்டினி கிடந்தும் காலையில் எண் இறங்கவில்லையே என்று மனம் நொந்து வருபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. வேறு சில மாத்திரைகளோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அந்தப் பட்டினி ஆபத்தும்கூட. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடும்.

இரவுச் சாப்பாட்டை அளவாக, கொஞ்சம் முன்னதாகச் சாப்பிடுங்கள். அப்புறம் சற்று நேரம் நடங்கள். தசை சுருங்கும்போது, இன்சுலின் சொல்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு வாரம் படுக்கும்போதும் எழுந்ததும் பார்த்த அளவுகளைக் குறித்துக்கொண்டு, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவோடு உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவையோ வேளையையோ மாற்ற வேண்டுமா என்பதை அவர் அதைப் பார்த்து முடிவு செய்வார்.