மாம்பழம் விற்ற பணத்தைக் கடல் கார்பன் திட்டத்தில் போடலாமா?

கிருஷ்ணகிரியில் மாந்தோப்பு வைத்திருக்கும் நீங்கள், கடலில் கார்பன் பிடிக்கும் நிறுவனத்தில் பணம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பேன்.

நாம் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் கால் பங்கைக் கடல் ஏற்கெனவே உறிஞ்சுகிறது. அதைக் கூட்ட ஒரு வழி, கல்லை மாவாக அரைத்துக் கடலில் தூவுவது. பக்கத்துச் சேலத்தில் வெள்ளைக்கல்லோடு கிடைக்கும் டியூனைட் என்ற பாறையில் ஆலிவின் என்ற கனிமம் உண்டு. அது மெல்லக் கரையும்போது நீரிலுள்ள கரியமில வாயு பைகார்பனேட் என்ற கரைந்த உப்பாக மாறும். அப்புறம் கடல் காற்றிலிருந்து இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். வேதியியல் சரிதான். எவ்வளவு இழுத்தது என்று அலையடிக்கும் கடலில் அளப்பதுதான் பெரும்பாடு. அந்தக் கணக்கை வைத்துத்தான் கார்பன் கிரெடிட், அதாவது இவ்வளவு கரியமில வாயுவை நீக்கினோம் என்ற சான்று, விற்க வேண்டும். அந்தக் கிரெடிட்டுக்குக் கிராக்கி போதாமல், அமெரிக்காவின் ரன்னிங் டைட் என்ற கடல் கார்பன் நிறுவனம் 2024இல் மூடப்பட்டது. ஆராய்ச்சிக்கு அரசுகள் தாராளமாகச் செலவிடட்டும், அது அவசியம். உங்கள் பணத்தைத் தோப்பின் சொட்டுநீருக்கே போடுங்கள்.