பெட்டியில் உள்ள வாட்டும் தண்டில் கிடைக்கும் வாட்டும்

கேள்வி: மாதிரி விமானத்துக்காக 2212 வகை பிரஷ்லெஸ் மோட்டார் ஒன்று வாங்கினேன். பெட்டியில் ‘1000 கேவி, 200 வாட்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். மூன்று செல் லிபோ பேட்டரியில் ஓட்டினால் 200 வாட் கிடைக்குமா? கேவி என்பது கிலோவோல்ட்தானே?

பதில்: கிலோவோல்ட் அன்று. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று சுற்றும் என்பதையே கேவி குறிக்கிறது. 2212 என்பதும் திறன் அளவன்று. பொதுவாக அது 22 மி.மீ. விட்டமும் 12 மி.மீ. உயரமும் கொண்ட ஸ்டேட்டரை, அதாவது மோட்டாருக்குள் கம்பிச் சுருள் சுற்றிய அசையாப் பகுதியைச் சொல்கிறது. பெட்டியில் உள்ள 200 வாட், பெரும்பாலும் மோட்டார் சிறிது நேரம் தாங்கக்கூடிய உள்ளீட்டின் உச்ச அளவே தவிர, தண்டில் (மோட்டாரின் சுழலும் அச்சில்) கிடைக்கும் திறன் அன்று. மோட்டார் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கும் என்பதை நீங்கள் மாட்டும் புரொப்பெல்லர்தான் முடிவு செய்கிறது.

தண்டில் வரும் திறனை வீட்டிலேயே ஓரளவு கணித்துவிடலாம். முதலில் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ஓட்டி, வெறும் ஓட்டத்தில் இழுக்கும் மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; அது 0.5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து சுருளின் மின்தடை தேவை. இவ்வளவு சிறிய மின்தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவை நம்பி எடுக்கக் கூடாது, ஏனெனில் அதன் கம்பிகளின் மின்தடையே அதில் கலந்துவிடும். மூன்று கம்பிகளில் ஏதேனும் இரண்டின் வழியே 2 ஆம்பியர் நேர்மின்னோட்டத்தைச் சில விநாடிகள் செலுத்தி, மோட்டார் முனைகளில் வோல்ட்டை அளந்தால் போதும், 0.2 வோல்ட் காட்டினால் மின்தடை 0.1 ஓம்.

பிறகு புரொப்பெல்லரை மாட்டி, மோட்டாரைப் பலகையில் இறுக்கிப் பிணைத்து, வாட் மீட்டர் வழியாக முழு வேகத்தில் ஓட்டுங்கள். (புரொப்பெல்லர் சுழலும் தளத்தில் விரலோ முகமோ இருக்கவே கூடாது.) 10.5 வோல்ட்டில் 14 ஆம்பியர் ஓடினால் உள்ளீடு 147 வாட். மின்தடையில் 1.4 வோல்ட் போக 9.1 வோல்ட்டும், வெறும் ஓட்டத்துக்கான அரை ஆம்பியர் போக 13.5 ஆம்பியரும் மிஞ்சுகின்றன. இவ்விரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 123 வாட். வேகக் கட்டுப்படுத்தியின் இழப்பையும் சுருள் சூடேறும்போது கூடும் மின்தடையையும் இக்கணக்கு சேர்க்கவில்லை என்பதால், 115 வாட் என்று கொள்வதே என் வழக்கம். அந்த 9.1 வோல்ட்டைக் கேவியால் பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 9,100 சுற்று வர வேண்டும். டாக்கோமீட்டரில் காணும் வேகம் இதிலிருந்து வெகுவாக விலகினால், அளந்த எண்களில் ஏதோ தவறு.

கேள்வி: பொம்மைக் கார் மோட்டாரின் திறனை வாட் மீட்டர் இல்லாமல் அளக்க முடியுமா?

பதில்: முடியும், நூலும் எடைக்கல்லும் போதும். மேசை விளிம்பில் மோட்டாரைப் பொருத்தி, நூலின் ஒரு முனையைத் தண்டிலேயே ஒட்டி, மறுமுனையில் 100 கிராம் எடையைத் தொங்கவிடுங்கள். கிளம்பும் முதல் சில சென்டிமீட்டரைக் கணக்கில் சேர்க்காமல், அடுத்த ஒரு மீட்டர் ஏற எடுக்கும் நேரத்தைக் கைப்பேசி வீடியோவில் பாருங்கள். 1.5 விநாடி என்றால் 0.1 ஐ 9.8 ஆல் பெருக்கி 1.5 ஆல் வகுக்க, 0.65 வாட். எடையை மாற்றி மாற்றிச் சோதித்தால், வெறும் ஓட்ட வேகத்தில் ஏறக்குறையப் பாதியாக மோட்டார் சுற்றும்போதுதான் திறன் உச்சத்தைத் தொடுவதைக் காண்பீர்கள். ஆனால் அந்த நிலையில் பேட்டரி தரும் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாகவே போவதால், மோட்டாரை அங்கே நெடுநேரம் ஓட்டாதீர்கள்.