குரோம் டேனிங்கில் சரியான செட்டிங்கைப் பரப்பு வரைபடத்தில் தேடுவது: கேள்வி பதில்

ராணிப்பேட்டை, டேனரி சூப்பர்வைசர்: அண்ணா, குரோம் உப்பால் தோலைப் பதனிடும்போது பிஎச் (புளிப்பின் அளவு), சூடு, குரோம் அளவு மூன்றையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் போதாதா?

போதாது. பிஎச் 3.6-இல் சூடு செய்யும் வேலை வேறு, 4.0-இல் அதே சூடு செய்யும் வேலை வேறு. ஒன்றைப் பிடித்து நிறுத்திவிட்டு மற்றதை மாற்றினால் இந்தக் கூட்டு விளைவு கண்ணில் படாது. காரணிகளைச் சேர்த்தே மாற்றி, விளைவை ஒரு பரப்பாக வரைந்து சிறந்த இடத்தைத் தேடுவதுதான் பரப்பு வரைபட வழி. 1951-இல் பாக்ஸும் வில்சனும் இந்த வழியை வகுத்ததே வேதித்தொழிலை மனதில் வைத்துத்தான். மூன்று காரணிகளுக்கு, எந்தெந்த அளவுகளைச் சேர்த்து ஓட்டுவது என்று சொல்லும் பாக்ஸ்-பென்கன் திட்டம் எடுங்கள். மூன்று காரணியும் நடு அளவில் இருக்கும் நடுப்புள்ளியை மூன்று முறை ஓட்டினால் மொத்தம் 15 ட்ரையல். சாம்பிள் டிரம் போதும். ஆனால் ஒரே லாட் தோல், ஒரே பகுதியில் வெட்டிய துண்டு. ஒரு ட்ரையலுக்குக் கழுத்து, இன்னொன்றுக்கு முதுகு என்று போனால் தோலின் வித்தியாசத்தைத்தான் அளப்பீர்கள்.

காட்பாடி, மாணவர்: ட்ரையல் முடிவுகளை வைத்துப் போட்ட முப்பரிமாணப் படம் குன்று மாதிரி வருகிறது சார். உச்சிதானே சிறந்த இடம்?

அவசரப்படாதே தம்பி. அந்தக் குன்றை வரைந்தது உன் 15 புள்ளிகளில் பொருத்திய இருபடிச் சமன்பாடு. பொருத்தம் மோசமென்றாலும் படம் வழவழவென்றுதான் வரும். அதனால் முதலில், சமன்பாடு புள்ளிகளோடு ஒத்துப்போகிறதா என்று காட்டும் 'லேக் ஆஃப் ஃபிட்' சோதனையைப் பார். அப்புறம், படத்தில் இரண்டு காரணிகள்தான் இருக்கின்றன. மூன்றாவதை எந்த அளவில் நிறுத்தினாய்? குரோம் 6 சதவீதத்தில் ஒரு படம், 8-இல் ஒரு படம் போடு, உச்சி நகர்வது தெரியும். உச்சி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் சிறந்த இடம் நீ சோதித்த எல்லைக்கு வெளியே இருக்கலாம். அந்தப் பக்கம் புது ட்ரையல் போடாமல் கோட்டை நீட்டாதே. குதிரைச் சேணம் போல ஒரு திசையில் மேடும் மறு திசையில் பள்ளமுமாக வந்தால் நடுவில் உச்சியே கிடையாது.

வாணியம்பாடி: படத்தைத் திருப்பினால் உச்சி இடம் மாறுகிற மாதிரி தெரிகிறதே?

அளவெடுக்க, ஒரே விளைவு தரும் இடங்களைக் கோடுகளால் இணைக்கும் சமக்கோட்டுப் படம்தான் சரி. முப்பரிமாணப் படத்தில் வடிவத்தை மட்டும் பாருங்கள்.

ஆம்பூர்: குரோம் நன்றாக ஏறும் இடத்தில் கிரெய்ன் (தோலின் மேல்முகம்) முரடாகிறது. எதை விடுவது பாய்?

இதுதான் நம் ஊர்த் தொழிலுக்கு முக்கியமான கேள்வி. வழக்கமான முறையில் போட்ட குரோமில் 60–70 சதவீதம்தான் தோலில் ஏறுகிறது, மிச்சம் கழிவு நீரில். அதைக் குறைக்கத்தான் பிஎச்சை உயர்த்துகிறோம். வேகமாக உயர்த்தினால் குரோம் மேற்பரப்பிலேயே பிடித்துக்கொள்ளும், கிரெய்ன் கெடும். இரண்டு விளைவுக்கும் தனித்தனிச் சமக்கோட்டுப் படம் போட்டு ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். இரண்டும் ஏற்கத்தக்க பகுதி சிறியதாகக் கிடைக்கும். அதன் நடுவில் ஒரு செட்டிங்கை எடுத்து இரண்டு மூன்று ட்ரையல் ஓட்டுங்கள். தோலை வெட்டி, நடுவரை குரோமின் நீலம் சீராக ஏறியிருக்கிறதா பாருங்கள். கொதிநீரில் போட்ட துண்டு சுருங்கக் கூடாது. இது தேறாமல் பெரிய டிரம்முக்குப் போக வேண்டாம்.

மேல்விஷாரம்: இந்தப் படங்களைப் போட எந்த மென்பொருள்?

மினிடேப் சுலபம். இலவசமாக வேண்டுமானால் ஆர் மொழியில் ஆர்எஸ்எம் பேக்கேஜ் இருக்கிறது. எதில் போட்டாலும் ட்ரையல் வரிசையைக் குலுக்கிப் போடுங்கள். வேலூர் வெயிலில் காலைத் தண்ணீரும் மதியத் தண்ணீரும் ஒரே சூட்டில் இருக்காது.