கிணற்றடிக் கருவியும் குட்டிக் கோப்புகளும்: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் நீர்மட்டம் அளக்க ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிச் சிப்பை வைத்துக் கருவி செய்கிறவர்கள் கேட்டவை இவை.

கோப்பாய் மாணவர்: அண்ணை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுத்து, ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக ஸ்பிஃப்ஸில் (பலகையின் பிளாஷ் நினைவகத்தில் கோப்புகளை வைக்கும் முறை) போடுகிறேன். கோப்பு எட்டு பைட்தான். ஒரு எம்பி இடம் இரண்டு கிழமைகூடத் தாங்கவில்லையே?

எட்டு பைட் உங்கள் கணக்கு, தம்பி. ஸ்பிஃப்ஸின் கணக்கு வேறு. அது இடத்தைப் பேஜ் என்ற சின்னத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளும். ஒரு கோப்புக்குக் குறைந்தது இரண்டு பேஜ் பிடிக்கும்: பெயர் விவரத்துக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று. பேஜ் 256 பைட் என்றால் 512 ஆச்சு. நாளுக்கு 144 அளவு, 72 கேபி. போதாததற்கு, முக்கால்வாசி நிறைந்ததுமே ஸ்பிஃப்ஸ் திணறத் தொடங்கிவிடும்.

கோப்பே வேண்டாம். நேரத்துக்கு 4 பைட், நீர்மட்டத்துக்கு 2, வெப்பநிலைக்கு 1, சரிபார்ப்புக்கு 1 என்று எட்டு பைட் பதிவாக்கி, பிளாஷில் நேரடியாக வரிசையாக எழுதுங்கள். பிளாஷில் ஒரே தடவையில் அழிக்கும் துண்டுக்குச் செக்டர் என்று பெயர். 4 கேபி செக்டரில் 512 பதிவு, அதாவது மூன்றரை நாள். ஒரு எம்பியில் 256 செக்டர் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டரை வருடம் ஓடும். நிறைந்ததும் பழைய செக்டரை அழித்து முதலிலிருந்து வரலாம்.

பருத்தித்துறை வாசகி: ஒரு எண்ணைத் திருத்த ஏன் செக்டர் முழுவதையும் அழிக்க வேண்டும்?

வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுவதுபோலத்தான். ஒரு செடிக்கு மட்டும் விட முடியாது, வாய்க்காலைத் திறந்தால் பாத்தி முழுக்க நனையும். நோர் பிளாஷில் (ஈஎஸ்பி32 பலகையில் இருக்கும் வகை) எழுதும்போது 1 ஐ 0 ஆக்கலாம். திரும்ப 1 ஆக்க, செக்டரையே அழிக்க வேண்டும். அந்த அழிப்பும் பொதுவாக ஒரு இலட்சம் முறைக்குத்தான் உத்தரவாதம். ஒரே செக்டரை நிமிடத்துக்கு ஒருமுறை அழித்து எழுதினால் 69 நாளில் அந்த எல்லை வந்துவிடும்.

சாவகச்சேரி வாசகர்: ஸ்பிஃப்ஸை விட்டு, லிட்டில்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைக்கு மாறினால் சரிவருமா?

கருவியின் அமைப்புகள் (செட்டிங்ஸ்) போன்ற ஐந்தாறு சின்னக் கோப்புகளுக்கு அருமை. குட்டிக் கோப்புகளை அது கோப்புறையின் விவரப் பகுதிக்குள்ளேயே செருகிவிடும். ஆனால் நாளுக்கொரு கோப்புறை திறந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றும் இரண்டு பிளாக் (இங்கே ஒரு பிளாக் ஒரு செக்டர்), 8 கேபி. வருடத்துக்கு வெறும் கோப்புறைகளே 2.9 எம்பி தின்னும்.

சுன்னாகம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: திடீரென்று கரண்ட் போனால்?

இதில் நான் சூடு கண்டவன், ஐயா. முதல் கருவியில் காலையில் கோப்பைத் திறந்து, நள்ளிரவில்தான் மூடினேன். மாலை ஐந்து மணிக்கு மின்சாரம் நின்றது. மறுநாள் பார்த்தால் கோப்புப் பெயர் இருக்கிறது, உள்ளே பூச்சியம் பைட்! லிட்டில்எஃப்எஸ்ஸில் பிழையில்லை. மூடும்வரை அல்லது சிங்க் செய்யும்வரை (இதுவரை எழுதியதைப் பிளாஷில் பதியச் சொல்லும் கட்டளை) புதிய தரவு கணக்கில் வராது. அதற்காக ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் மூடினால், அடுத்தமுறை கடைசி பிளாக்கை வேறிடத்துக்குப் பிரதி எடுத்துத்தான் தொடரும். நான் இப்போது மணிக்கு ஒருமுறை ஆறு அளவைச் சேர்த்து எழுதுகிறேன்.

நேரடிப் பதிவென்றால் இன்னும் சுகம். கருவி விழித்ததும் எல்லா பிட்டும் 1 ஆக உள்ள முதல் இடத்தைத் தேடும். அதற்கு முந்தைய பதிவின் சரிபார்ப்பு பைட் பொருந்தாவிட்டால், அதை விட்டுவிட்டு மேலே போகும். ஒரு அளவுதான் நட்டம்.

நல்லூர் வாசகர்: பேசாமல் எஸ்டி கார்டு போட்டால் என்ன?

போடலாம். 32 கேபி கிளஸ்டரில் (கார்டில் ஒரு கோப்புக்கு ஒதுக்கும் மிகச்சிறிய துண்டு) எட்டு பைட் கோப்பும் 32 கேபி பிடிக்கும், ஆனால் அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. கிணற்றடி ஈரத்தில் கார்டு செருகும் இடத்தின் பின்கள் பச்சை பிடித்ததைப் பார்த்தபிறகு, நான் பலகையில் ஒட்டிய சிப்பையே நம்புகிறேன்.