மறுபடியும் மோதச் சொல்கிறார்கள், என் தம்பி ஒத்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் தம்பி தொழில்முறைக் குத்துச்சண்டை வீரன். போன மாதம் பத்து ரவுண்டுப் போட்டி ஒன்றில் ஜெயித்து, பிராந்திய அளவிலான ஒரு பெல்ட் வாங்கினான். மூன்று மதிப்பெண் நடுவர்களில் இருவர் அவனுக்கும் ஒருவர் எதிராளிக்கும் கொடுத்தார்கள். தோற்றவர் தரப்பு இப்போது ரீமேட்ச் கேட்கிறது. மேனேஜர், "அவன் ஆபத்தானவன், விடு. சுலபமான ஆளாகப் பார்த்து இரண்டு சண்டை போடுவோம்" என்கிறார். தம்பியோ, பயந்து ஓடிவிட்டான் என்று ஊர் பேசும் என்று தூங்காமல் கிடக்கிறான். போதாததற்கு, அடுத்த ஒப்பந்தத்தில் ரீமேட்ச் விதி ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: தம்பியைத் தனியாக உட்காரவைத்து ஒன்று கேளுங்கள். கடைசி மணி அடித்ததற்கும் தீர்ப்பு வாசித்ததற்கும் நடுவே நின்ற அந்தச் சில நிமிடங்களில் அவன் மனசு என்ன சொன்னது? அடித்தவனுக்கும் வாங்கியவனுக்கும் அது தெரியும். 1947 டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜோ லூயிஸுக்குத் தெரிந்திருந்தது. பத்து வருடமாக உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவரை ஜெர்சி ஜோ வால்காட் இரண்டு முறை தரையில் விழவைத்தார். பதினைந்து ரவுண்டு முடிந்ததும், தீர்ப்பைக்கூடக் கேட்காமல் ரிங்கை விட்டு இறங்கப் பார்த்தார் லூயிஸ். நடுவர்களில் இருவர் லூயிஸுக்கும் ஒருவர் வால்காட்டுக்கும் கொடுத்தார்கள், உங்கள் தம்பிக்கு நடந்தது போலவே. அரங்கம் கூச்சலிட்டது. ஆறே மாதத்தில், 1948 ஜூனில், யாங்கி ஸ்டேடியத்தில் அதே வால்காட்டை மறுபடி எதிர்கொண்டு பதினோராவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார் லூயிஸ். அதற்குப் பிறகு அந்த ஜோடியைப் பற்றிக் கேள்வி எழவில்லை.

என் கருத்து இதுதான்: ரீமேட்ச் ஒரு கடன். அது இருக்கிறதா இல்லையா என்பதை முதல் சண்டை எப்படி முடிந்தது என்பதே சொல்லிவிடும். சந்தேகத்தில் கிடைத்த வெற்றி என்றால் கடன் உண்டு. தெளிவாக ஜெயித்திருந்தால் கிடையாது. யார் கூப்பிட்டாலும் கவலைப்படாமல் அடுத்த ஆளைப் பார்க்கலாம்.

மேனேஜரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வீரனின் உடம்பு தாங்கக்கூடிய கடுமையான சண்டைகள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அதை எண்ணிச் செலவழிப்பது அவர் வேலை. சண்டை போடுகிறவன் பெயரைப் பற்றி யோசிப்பான், மேனேஜர் உடம்பைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் யோசிப்பார். இரண்டும் வேண்டும். ஆனால் எங்கே அவர் தவறுகிறார் என்று காட்ட ஒரே ஒருவரின் வாழ்க்கை போதும்: பிரிட்டனின் லென்னாக்ஸ் லூயிஸ். ரீமேட்ச் விஷயத்தில் ஒரு மனிதன் நிற்கக்கூடிய எல்லாப் பக்கத்திலும் அவர் நின்றிருக்கிறார்.

முதலில் அவரைக் கண்டு மற்றவர்கள் ஒதுங்கினார்கள். 1992 அக்டோபரில் ரேஸர் ரடக்கை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தி, உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூபிசியின் பட்டத்துக்குக் கட்டாயச் சவாலாளர், அதாவது சாம்பியன் அடுத்து மோதியே ஆக வேண்டியவர், ஆனார் லென்னாக்ஸ். சாம்பியன் ரிடிக் போவ் அவரோடு மோதுவதற்குப் பதிலாக லண்டனில் பத்திரிகையாளர்கள் முன்னால் அந்த பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். போவ் எவாண்டர் ஹோலிஃபீல்டோடு மொத்தம் மூன்று அற்புதமான சண்டைகள் போட்டவர். ஆனாலும் இன்றைக்கும் அவர் பேரைச் சொன்னால் அந்தக் குப்பைத்தொட்டியும் கூடவே வருகிறது. அவ்வளவு திறமை இருந்த ஒருவருக்கு இப்படி ஆனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அடுத்தது 1994 செப்டம்பர், வெம்ப்ளி. ஆலிவர் மெக்காலின் ஒரே ஒரு வலது குத்தில் இரண்டாவது ரவுண்டில் லென்னாக்ஸ் பட்டத்தை இழந்தார். உடனே ரீமேட்ச் கேட்டார், கிடைக்கவில்லை. பட்டம் மெக்காலிடமிருந்து ஃபிராங்க் புரூனோவுக்கும் அவரிடமிருந்து மைக் டைசனுக்கும் போனது. டைசனோடு மோதும் உரிமை தனக்கு வந்தபோது, வழிவிட்டு நிற்க 40 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டார் லென்னாக்ஸ். பிறகு டைசன் பெல்ட்டை விட்டுவிட்டார். காலியான அதே பட்டத்துக்காக 1997 பிப்ரவரியில்தான் மெக்காலும் லென்னாக்ஸும் மறுபடி சந்தித்தார்கள். இடையில் லென்னாக்ஸ் செய்த ஒரு காரியத்தைத் தம்பிக்குக் கட்டாயம் சொல்லுங்கள்: தன்னை வீழ்த்திய மெக்காலின் மூலையில் நின்ற பயிற்சியாளர் இமானுவேல் ஸ்டூவர்டைத் தன் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டார். தோற்றது எதனால் என்று தெரிந்துகொள்ள அதைவிட நேரான வழி எது?

அந்த ரீமேட்ச் நடந்திருக்கவே கூடாது என்பதும் என் எண்ணம். போதைப் பழக்கத்தோடு போராடிக்கொண்டிருந்த மெக்கால் ரிங்குக்குள் அழுதார், கையைத் தூக்காமல் நடந்தார். ஐந்தாவது ரவுண்டில் நடுவர் மில்ஸ் லேன் நிறுத்தினார். எதிரே நிற்கிறவன் சண்டைக்குத் தகுதியான நிலையில் இருக்கிறானா என்று பார்ப்பதும் நம் கடமைதான்.

1999 மார்ச்சில் ஹோலிஃபீல்டை லென்னாக்ஸ் தெளிவாக அடித்தார் என்று பார்த்தவர்களில் பெரும்பாலோர் சொன்னார்கள். ஒரு நடுவர் லென்னாக்ஸுக்கு 116-113, இன்னொருவர் ஹோலிஃபீல்டுக்கு 115-113, மூன்றாமவர் 115-115. ஆகவே டிரா. அதே நவம்பரில் லாஸ் வேகாஸில் மறுபடி மோதி, மூன்று நடுவர்களின் தீர்ப்பிலும் ஜெயித்தார். சந்தேகம் இருந்தது, எட்டு மாதத்தில் தீர்ந்தது. உங்கள் தம்பிக்கு நான் காட்ட விரும்பும் உதாரணம் இதுதான்.

2001 ஏப்ரலில் அவர் அலட்சியமாக இருந்தார். தென்னாப்பிரிக்காவின் பிராக்பன், கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் உயரம். ஹாசிம் ரஹ்மான் முன்கூட்டியே போய் மூச்சைப் பழக்கிக்கொண்டார். லென்னாக்ஸ் ஒரு ஹாலிவுட் படத்தில் தலைகாட்டிவிட்டுத் தாமதமாகப் போனார். ஐந்தாவது ரவுண்டில் மல்லாந்தார். ஆனால் ஒப்பந்தத்தில் ரீமேட்ச் விதி இருந்தது. ரஹ்மான் வேறு புரோமோட்டரிடம் (சண்டைகளை ஏற்பாடு செய்பவரிடம்) போய் நழுவப் பார்த்தபோது, லென்னாக்ஸ் தரப்பு நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போய் அந்த விதியை நிலைநாட்டியது. நவம்பரில் நான்காவது ரவுண்டில் நாக் அவுட். ஒப்பந்தத்தில் இரண்டு வரி இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மெக்கால் விஷயத்தை வைத்து நீங்களே கணக்குப் போடலாம்: அங்கே இரண்டரை வருடம், இங்கே ஏழு மாதம்.

கடைசியாக 2003 ஜூன், லாஸ் ஏஞ்சலிஸ். வேறொருவர் காயத்தால் விலகியதால் குறுகிய அவகாசத்தில் வந்த விதாலி கிளிட்ச்கோ, ஆறு ரவுண்டு முடிவில் நடுவர்களின் மூன்று மதிப்பெண் அட்டைகளிலும் 58-56 என்று முன்னால் இருந்தார். இடது கண்ணுக்கு மேலே ஆழமான வெட்டு. மருத்துவர் நிறுத்தச் சொன்னார், லென்னாக்ஸ் ஜெயித்தார். ரீமேட்ச் கடன் என்று ஒன்று இருந்தால் அது அன்றைக்கு இருந்தது. லென்னாக்ஸ் கொடுக்கவில்லை. 2004 பிப்ரவரியில் ஓய்வு அறிவித்தார். இதில் பலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன்: நான் அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். முப்பத்தெட்டு வயது. அந்த இரவில் தன் வாழ்நாளிலேயே அதிக எடையோடு ரிங் ஏறியிருந்தார். உடம்பு சொன்னதைக் கேட்டு, பெல்ட்டையும் வைத்துவிட்டுப் போனார். பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிளிட்ச்கோவைத் தாண்டி எளிய ஆட்களைத் தேடியிருந்தால்தான் அது தவறு. உங்கள் மேனேஜர் சொல்வது அந்த இரண்டாவது வழி. தம்பிக்கு ஓய்வு பெறும் வயதும் இல்லை.

பெல்ட் தரும் அமைப்பின் விதிப் புத்தகத்தையும் வாங்கிப் படியுங்கள். ரீமேட்ச் கொடுத்ததற்காகவே பட்டம் போனவர்கள் உண்டு. 1978-ல் லியான் ஸ்பிங்க்ஸ் கட்டாயச் சவாலாளர் கென் நார்ட்டனை விட்டுவிட்டு முகமது அலிக்கு மறுவாய்ப்புத் தந்தார், டபிள்யூபிசி பட்டத்தைப் பறித்தது. 2024-ல் பிரிட்டனின் டைசன் ஃபியூரியோடு மறுபடி மோத வேண்டியிருந்ததால் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக், இன்னொரு அமைப்பான ஐபிஎஃப்பின் பெல்ட்டை விட்டுக்கொடுத்தார். அந்த டிசம்பரில் ஃபியூரியை மறுபடி வென்றார். 2025 ஜூலையில் வெம்ப்ளியில் டேனியல் டுபுவாவை ஐந்தாவது ரவுண்டில் வீழ்த்தி அந்த பெல்ட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார். தம்பிக்குக் கட்டாயச் சவாலாளர் யாராவது காத்திருந்தால், ரீமேட்சுக்கு முன்பே அமைப்பிடம் எழுத்தில் விலக்குக் கேளுங்கள்.

இனி ஒப்பந்தம். ரீமேட்ச் விதி கெட்டதல்ல, ஒருதலைப்பட்சமாக இருந்தால்தான் கெட்டது. பெரும்பாலும் அது சாம்பியனுக்கு மட்டும் காவல். 2019 ஜூனில் ஆண்டி ரூயிஸ் நியூயார்க்கில் சாம்பியன் ஆண்டனி ஜோஷுவாவை ஏழாவது ரவுண்டில் வீழ்த்தினார். ஆனால் ரீமேட்ச் விதிக்குக் கையெழுத்து ஏற்கெனவே போட்டாகிவிட்டது. டிசம்பரில், எதிர்த்தரப்பு புரோமோட்டர் தேர்ந்தெடுத்த சவுதி அரேபியாவின் திரியாவில்தான் மறுபடி மோத வேண்டியிருந்தது. பத்து பதினைந்து பவுண்டு கூடுதலாக வந்த ரூயிஸ் தோற்றார். தம்பி இப்போது சாம்பியன் என்பதால் அந்த விதி அவனுக்குச் சாதகமாக இருக்கலாம், ஆனால் அடுத்த பட்டத்துக்கு அவன் சவாலாளனாகப் போகும்போது அதே வரி எதிராகத் திரும்பும். எனவே எந்த முடிவு வந்தால் விதி செயல்படும், எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும், இடத்தை யார் முடிவு செய்வார், இரண்டாவது சண்டையில் அவன் பங்கு எத்தனை சதவீதம் என்று நான்கையும் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். "பிறகு பேசிக்கொள்ளலாம்" என்ற வார்த்தை இருந்தால் கையெழுத்து வேண்டாம். விளையாட்டு ஒப்பந்தம் தெரிந்த வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

காலம் பற்றி நான் விட்டுக்கொடுக்காத ஒரு விஷயம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பையன், புருவ வெட்டு முழுசாக ஆறுவதற்குள் ரீமேட்சுக்கு ஒத்துக்கொண்டான். பயிற்சியிலேயே பிளந்தது, மறுபடி தைத்தார்கள், சண்டையன்று முதல் ரவுண்டிலேயே திறந்துகொண்டது. அவன் மூலையில் பஞ்சோடு நின்றவன் நான், வேண்டாம் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டியவனும் நான். தம்பியோ எதிராளியோ கீழே விழுந்திருந்தாலும், தலையில் பலமாக வாங்கியிருந்தாலும், மூளை ஸ்கேனும் மருத்துவர் கையெழுத்தும் இல்லாமல் தேதி குறிக்காதீர்கள். ஐந்திலிருந்து எட்டு மாதம் நியாயமான இடைவெளி.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. போட்டி வீடியோவை எடுத்து, ஒலியை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். கூட்டத்தின் சத்தம் கண்ணை ஏமாற்றும். தம்பிக்கு வேண்டாதவர் ஒருவர் உட்பட, குத்துச்சண்டை தெரிந்த மூன்று பேரைத் தனித்தனியாக ரவுண்டு ரவுண்டாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். மூன்றில் இரண்டு அட்டை எதிராளிக்கோ சமமாகவோ வந்தால் ரீமேட்சுக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு அட்டையாவது தம்பிக்குத் தெளிவாக வந்தால், அடுத்த தரவரிசை வீரனோடு மோத ஒப்பந்தம் பேசச் சொல்லுங்கள், மேனேஜர் தேடும் அந்தச் சுலபமான ஆளோடு அல்ல.