பெர்த்தில் வேலை, சிட்னியில் அக்கா

அன்புத் தம்பிக்கு,

பெர்த்தில் வேலை உறுதியாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், மிகவும் மகிழ்ச்சி. அக்கா குடும்பம் சிட்னியில் இருப்பதால், பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பிவிடலாமா, எவ்வளவு நேரப் பயணம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பதினெட்டு ஆண்டுகளாகப் பெர்த்தில் இருக்கிறேன். என் தங்கையும் சிட்னியில்தான் இருக்கிறாள். அதனால் சொல்கிறேன்: அக்காவுக்கு அப்படியொரு வாக்கை இப்போதே கொடுத்துவிடாதீர்கள்.

வான்வழியில் ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர். சென்னையிலிருந்து டெல்லிக்குப் போய்த் திரும்பும் தூரத்தைவிடச் சற்றுத்தான் குறைவு. சிட்னிக்குப் போக நான்கு மணி நேரத்தை ஒட்டி ஆகும். திரும்பி வர ஐந்து மணி நேரம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலத்த காற்று, போகும்போது விமானத்தை உந்துகிறது, வரும்போது எதிர்க்கிறது.

ஆனால் உங்கள் திட்டத்தைக் கெடுப்பது தூரம் அல்ல, கடிகாரம். சிட்னி பெர்த்தைவிட 2 மணி நேரம் முன்னால் இருக்கிறது. அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளி வைப்பதால் அது 3 மணி நேரமாகிவிடும். பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில் அந்த வழக்கம் இல்லை. 2009-இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இதோடு, சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 6 மணி வரை பயணிகள் விமானங்களுக்குத் தடை. வேலை முடிந்து மாலை 7 மணிக்குப் பெர்த்தில் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போதே சிட்னியில் 9 அல்லது 10 மணி. இறங்கும்போது நள்ளிரவு தாண்டிவிடும். ஆகவே நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி விடியலில் இறங்கும் விமானம்தான் உங்களுக்கு வாய்க்கும்.

நானும் முதல் இரண்டு ஆண்டுகள் மாதந்தோறும் அப்படித்தான் போனேன். சனிக்கிழமை முழுவதும் கண் எரியும், தலை கனக்கும். "பெரியம்மா ஏன் எப்போது வந்தாலும் தூங்குகிறார்கள்?" என்று தங்கை மகள் கேட்ட நாளோடு அதை நிறுத்தினேன். இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஐந்தாறு நாள். குழந்தைகளோடு நிதானமாக உட்கார்ந்து பேச முடிகிறது.

திரும்பும் பயணம் எளிது. மாலை 6 மணிக்குச் சிட்னியில் ஏறினால் இங்கே 8 அல்லது 9 மணிக்கு இறங்கிவிடலாம். மறுநாள் வேலைக்குத் தடையில்லை.

காரில் போவதை நினைக்கவே வேண்டாம். சாலை வழி ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். நல்லார்பர் சமவெளியில் ஒரே நேர்கோட்டில் 146 கிலோமீட்டர் நீளும் சாலையும் உண்டு. பொழுது சாய்ந்தால் கங்காரு குறுக்கே பாயும். ரயில் இருக்கிறது, மூன்று இரவுகள் ஆகும்.

உங்கள் அம்மா அப்பாவுக்கு ஒரு நல்ல செய்தி சொல்லுங்கள். பெர்த்திலிருந்து சிங்கப்பூர் ஐந்து மணி நேரம்தான், கடிகார வித்தியாசமும் கிடையாது. அங்கிருந்து சென்னை நான்கு மணி நேரம். அவர்கள் வந்து போக அக்கா வீட்டைவிட உங்கள் வீடுதான் பக்கம்.

அக்கா வீட்டிலிருந்து திரும்பும்போது பழம், காய்கறி, தேன் எதையும் கட்டிக்கொண்டு வராதீர்கள். வேறு மாநிலத்துப் பூச்சியும் நோயும் நுழையாமலிருக்க இங்கே கட்டுப்பாடு மிகக் கடுமை. ஆசையாகக் கொடுத்தது விமான நிலையத் தொட்டிக்குள் போய்விடும்.